பொன்மணி நகரின் முப்பத்தெட்டு சென்ட்

பர்ஹத்துக்கு ஆட்களின் பெயர் மறந்துபோகும். சர்க்கரை அளவு மறக்காது. திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் யாராவது சிரித்தால், "முந்நூத்திப் பத்து, தண்ணித் தொட்டிக்கு எதிர்வீடு" என்றுதான் முதலில் மனசில் ஓடும். பெயர் பிறகு வரும். சில நேரம் வராமலே போகும். அதை மறைக்க எல்லோரையும் "வாங்க, நல்லா இருக்கீகளா?" என்று பொதுவாகக் கேட்டுவைப்பார்.

ஐம்பத்தொரு வயது. நகர்ப்புற சுகாதார நிலையத்தில் நர்ஸ். இருபத்து நாலு வருஷ சர்வீஸில் கடைசி ஒன்பது வருஷம் திருத்தங்கலில். வீடு விருதுநகரில். வீட்டுக்காரர் நிஜாம் பருப்புக்குக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். மகள் சுமைரா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். காலையில் சிவகாசி பஸ்ஸைப் பிடித்துப் போய், சாயங்காலம் அதே ரோட்டில் திரும்பி வருகிற வாழ்க்கை. அதில் பர்ஹத்துக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

பொன்மணி நகரும் அதை ஒட்டிய ஆறு தெருக்களும் அவர் பார்க்கும் இடம். பாதி வீட்டுக்காரர்கள் அச்சாபீஸுக்குப் போவார்கள். மீதிப் பேரைப் பட்டாசுக் கம்பெனி வேன் காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எந்த வேலைக்குப் போனாலும் பெண்களுக்கு உட்கார்ந்த வேலைதான். காகிதம் எண்ணுவது, மடிப்பது, பெட்டி ஒட்டுவது, திரி வைப்பது. அந்த ஏழு தெருவில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். வீடு வீடாகப் போய் மாத்திரையை நீட்டும்போதே பர்ஹத்தின் வாய் தன்னால் சொல்லும்: "தினம் அரை மணி நேரம் நடங்க."

எல்லோரும் தலையாட்டுவார்கள். அநேகமாக யாரும் நடக்க மாட்டார்கள். அதுவும் பர்ஹத்துக்குத் தெரியும்.

ஒரு ஆவணி மாசம் வள்ளித்தாய் அந்தச் சொல்லைக் கேட்டார். நாற்பத்தாறு வயது. காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற வேலை. காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் மெயின் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். நாலாம் நாள், பின்னால் வந்த லாரிக்கு ஒதுங்கியபோது எதிரே வந்த பைக் இடித்துவிட்டது. கணுக்காலில் எலும்பு விட்டுப்போனது.

பர்ஹத் பார்க்கப் போனபோது வள்ளித்தாய் மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, மடியில் முறம் போட்டு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னீகன்னுதான் போனேன் நர்சம்மா." குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "மூணு நாளும் உடம்பு லேசாத்தான் இருந்துச்சு."

"அம்புட்டு லாரி போற ரோட்டுக்கு ஏன் போனீக?"

"வேற எங்கன நடக்க? தெருவுல பைக்கும் சாக்கடையும். எங்க வீட்டுக்கு மாடியும் கிடையாது. நீங்களே ஒரு இடம் சொல்லுங்க, நான் நடக்கேன்."

பர்ஹத்திடம் இடம் இல்லை. ஒன்பது வருஷமாக ஆயிரம் தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். எங்கே என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவருக்கு வாயெல்லாம் கசப்பாக இருந்தது. நிஜாமிடம் சொன்னபோது, "நீயா இடிச்ச?" என்றார் அவர். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆறவில்லை.

மறுநாள் முதல் தன் நோட்டில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: எங்கே நடக்கிறீர்கள்? மூன்று வாரம் ஆயிற்று. நூற்று நாற்பத்து மூன்று பேரில் நடக்கிறவர்கள் ஒன்பது பேர். நாலு பேர் மொட்டை மாடியில், ஐந்து பேர் லாரி ரோட்டில்.

நோட்டை டாக்டர் ஞானசுந்தரியிடம் காட்டினார். டாக்டர் இரண்டு தடவை படித்தார். "மாத்திரை எழுதித் தர என்னால முடியும், பர்ஹத். நடக்க இடம் எழுதித் தர முடியாதே. அது யார் கையில இருக்குன்னு போய்க் கேட்டுட்டு வாங்க. நான் லெட்டர் தரேன்."

அந்த லெட்டரோடு ஒரு திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் போய் இறங்கினார். மனு கொடுக்கும் நாள், நல்ல கூட்டம். மனுவை வாங்கியவர் படித்துவிட்டு, "இது நிலம் சம்பந்தப்பட்டதும்மா, ஊரமைப்பு ஆபீஸ்ல கேளுங்க" என்று வழி காட்டினார். அங்கே போனபோது ஒரே ஒரு மேசையில்தான் ஆள் இருந்தது. அனுப்பிரியா. இருபத்தெட்டு வயது, வேலைக்கு வந்து இரண்டு வருஷம். வரும் இருபது வருஷத்துக்கு எங்கே வீடு வரலாம், எங்கே கம்பெனி வரலாம், எங்கே எதுவும் வரக்கூடாது என்று வரைபடத்தில் நிறம் பூசுகிற வேலை.

லெட்டரைப் படித்துவிட்டு அனுப்பிரியா தயங்கினார். "மேடம், ரோட்டு ஓரம் நடைபாதைன்னா அது வேற துறை."

"ரோட்டை விடுங்க மேடம். எங்க ஆளுகளுக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரியும். எங்கன இடம் இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

அனுப்பிரியா எழுந்து திருத்தங்கல் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். பர்ஹத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் கோடும் நம்பரும். "தண்ணித் தொட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார். அனுப்பிரியா ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். பிடித்துக்கொண்டார் பர்ஹத். தொட்டியிலிருந்து விரலை நகர்த்தினார். "இது எதிர்வீடு, முந்நூத்திப் பத்து. அடுத்த வீடு பிரஷர், ரெண்டு பேரு. இந்த முக்குல டெய்லர் வீடு, போன வருஷம் பக்கவாதம்."

அனுப்பிரியா பேனாவை எடுத்து, பிறகு வைத்துவிட்டார். அது ஆபீஸ் படம், குறிக்கக்கூடாது. கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். ஆளுக்கு ஒரு பொட்டு. அட்டை தீர்ந்து, பக்கத்து அறையிலிருந்த டைப்பிஸ்ட்டிடம் இன்னொன்று வாங்கினார். அதுவும் தீர்ந்தபோது மணி ஒன்றரை. படம் முழுக்கச் சிவப்பும் மெரூனுமாக நூற்று நாற்பத்து மூன்று பொட்டு. நடுவில் மட்டும் ஒரு பச்சைச் சதுரம் வெறுமையாக இருந்தது.

"இது என்ன பச்சை?"

"பூங்கா மேடம். தொண்ணூத்தி மூணுல லேஅவுட் போட்டப்போ பொதுவுக்கு எழுதிக் கொடுத்த இடம். முப்பத்தெட்டு சென்ட்."

பர்ஹத் குனிந்து பார்த்தார். ஒன்பது வருஷமாக அந்த இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறார். "அங்கன பூங்கா எதுவும் கிடையாதே. கருவேல முள்ளும் அச்சாபீஸ் கட்டிங் பேப்பரும்தான் கிடக்கு."

"படத்துல இருக்கே" என்று சொல்ல வந்த அனுப்பிரியா பாதியில் நிறுத்திக்கொண்டார். "வியாழக்கிழமை வரேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். ஸ்கூட்டியில் அவர், பின்னால் பைக்கில் சர்வேயர் காமராஜ். முள்ளை விலக்கி மூன்று மூலைக்கல்லைக் கண்டுபிடித்தார்கள். நாலாவது கல் கிடைக்கவில்லை. அளந்து பார்த்தால் அது அச்சாபீஸ் சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு அடுக்கிய கட்டிங் பேப்பர் கட்டுகளுக்கு, அவர்கள் பேச்சில் பேல்களுக்கு, அடியில் இருக்க வேண்டும். காமராஜ் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இதை எடுக்கச் சொன்னா அந்தம்மா ஒரு பாட்டம் வைவாக" என்றார்.

அந்தம்மா, சுப்புலட்சுமி. மாமனார் காலத்து அச்சாபீஸை இருபது வருஷமாக நடத்துகிறவர். சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார்.

"முப்பது வருஷமா காடாக் கிடந்த இடம். பாம்பு வருதுன்னு நான்தான் பாதியை வெட்டி விட்டேன். இப்ப படத்தைத் தூக்கிட்டு வந்தா என்ன அர்த்தம்? சீசன்ல இம்புட்டு பேலையும் எங்கன கொண்டு வைக்க?"

அனுப்பிரியா சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பர்ஹத் மெல்ல அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். "அம்மா, அது இருக்கட்டும். உங்க கம்பெனியில வள்ளித்தாய் இப்ப வேலைக்கு வாறாகளா?"

"எங்க வர? காலு ஒடிஞ்சு கிடக்கா. பட்டை அடிக்க அவளை மாதிரி கை யாருக்கும் இல்ல. ஆர்டர் அம்புட்டும் அப்படியே நிக்கி."

"அவுக எப்படி விழுந்தாகன்னு தெரியுமா?"

பர்ஹத் சொன்னார். தான் நடக்கச் சொன்னதையும் மறைக்கவில்லை. சுப்புலட்சுமி பேல்களைத் திரும்பிப் பார்த்தார். "உங்க பிரஷர் மெஷினைத் தூக்கிட்டு ஒருநா உள்ள வாங்க, எல்லாரையும் பாத்துட்டுப் போங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார்.

அடுத்த புதன்கிழமை அச்சாபீஸின் பைண்டிங் ஹாலில் உட்கார்ந்து ஐம்பத்தெட்டு பெண்களுக்குப் பார்த்தார் பர்ஹத். இருபத்தேழு பேருக்குப் பிரஷர் கூடுதல். அதில் பதினொரு பேருக்கு அது இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். மாசத்துக்கு எத்தனை பேர் தலைசுற்றல், கால் மரத்துப்போகுது என்று லீவு போடுகிறார்கள் என்பது சுப்புலட்சுமிக்குத் தெரிந்த கணக்கு. காரணம் தெரிந்ததில்லை. பர்ஹத் எழுதிய பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்.

"பின்னாடி கிடக்க பேலை மாடிக்கு ஏத்த முடியுமா?"

"லிஃப்ட் ரிப்பேரும்மா."

"அப்ப ரிப்பேர் பாரு."

தீபாவளி முடிந்த வாரம் பேல்கள் போயின. நாலாவது கல் கிடைத்தது. காமராஜ் அதில் சுண்ணாம்பு பூசிவிட்டு, வசவு ஒன்றும் வாங்காத ஆச்சரியத்தோடு போனார்.

இடம் கிடைத்த பிறகுதான் பர்ஹத்துக்கும் அனுப்பிரியாவுக்கும் முதல் சண்டை வந்தது. அனுப்பிரியா பூங்காவின் படத்தை வரைந்து கொண்டுவந்திருந்தார். நடுவில் நீரூற்று, சுற்றிப் புல்தரை, பூப்பாத்தி, ஒரு பெரிய கேட். திறக்கும் நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு. பர்ஹத் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"ஒன்பது மணிக்கு எங்க ஆளு யாரு இருப்பா? ஏழு மணிக்கே வேன் போயிரும். இங்க குடிக்கவே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி. ஊத்துக்கு எங்க போவீக?"

அனுப்பிரியாவின் முகம் சுருங்கியது. "நாலு நாள் உக்காந்து வரைஞ்சேன்க்கா." அன்றைக்குத்தான் முதல்முறையாக மேடம் போய் அக்கா ஆனது, அதுவும் கோபத்தில்.

பர்ஹத்துக்கும் ஒரு யோசனை இருந்தது. பூங்கா சின்னது, சுற்றினால் நூற்றைம்பது மீட்டர்தான். பின்பக்கம் ஓடை ஓரமாகப் பாதையை நீட்டினால் நல்ல தூரம் கிடைக்கும். அதை அனுப்பிரியா ஒரே வார்த்தையில் தள்ளினார். "கூடாது." நிலத்தின் மேடு பள்ளம் குறித்த படத்தை எடுத்துக் காட்டினார். ஐப்பசியில் தண்ணீர் ஏறினால் அந்தக் கரை முழுக்க இரண்டடி மூழ்கும். பெண்கள் பழகிய பாதை என்று அதிலேயே நடப்பார்கள். "நீங்க ஒருத்தருக்குக் கால் போனதுக்கே இம்புட்டு வருத்தப்பட்டீங்க" என்றார். பர்ஹத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னது சரிதான்.

கடைசியில் இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்: வரைவதற்கு முன்னால் பார்த்துவிடலாம். அனுப்பிரியா முதல் நாளே விருதுநகரில் பர்ஹத்தின் வீட்டுக்கு வந்து தங்கினார். விடியற்காலையில் நிஜாம் டீ போட்டுக் கொடுத்து, இருவரையும் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஐந்தேகால் மணிக்குத் தண்ணித் தொட்டி அடியில் நின்று, யார் எங்கே போகிறார்கள் என்று எண்ணினார்கள். மூன்று நாள் எண்ணினார்கள். தெருப் பெண்கள் முதல் நாள் முறைத்தார்கள். இரண்டாம் நாள் விசாரித்தார்கள். மூன்றாம் நாள் டம்ளரில் காப்பி வந்தது.

தண்ணீர் வராத நாளில் ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரை கொஞ்சம் ஓய்வு. சாயங்காலம் ஏழு மணிக்குச் சோறு வைத்த பிறகு ஒரு அரை மணி. மற்ற நேரம் வேலை. இவ்வளவும் பர்ஹத் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காததை அனுப்பிரியா கவனித்தார். சுகாதார நிலையத்துக்கும் ரேஷன் கடைக்கும் போகிற எல்லோரும் அந்த முள்காட்டைச் சுற்றிக்கொண்டு, மெயின் ரோட்டில் ஏறி, ஒரு கிலோமீட்டர் நடக்கிறார்கள். குறுக்கே போனால் இருநூற்றைம்பது மீட்டர்.

"அக்கா, பூங்கான்னு கட்டினா இவங்க வரமாட்டாங்க" என்றார் அனுப்பிரியா. "அதுக்கு நேரமும் இல்ல, கூச்சமும் இருக்கு. ரெண்டு பக்கமும் கேட் வச்சு வழியாக்கிட்டா? கடைக்குப் போறவங்க எல்லாரும் உள்ளதான் போகணும். போயிப் பழகிட்டா அப்புறம் ஒரு சுத்துச் சுத்தத் தோணும்."

பர்ஹத் அந்தப் பெண்ணை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்து நாலு வருஷத்தில் இந்த யோசனை தனக்கு வந்திருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

இரண்டாவது படத்தில் நீரூற்று இல்லை. இரண்டு பக்கம் பூட்டில்லாத வழி, சுற்றிவர ஆறடி அகலத்தில் காலுக்கு இதமான மண் பாதை, எட்டு விளக்கு, மூட்டு வலிக்காரர்கள் எழுந்திருக்கத் தோதான உயரத்தில் சிமெண்ட் பெஞ்சு, ஒரு கழிப்பறை. டாக்டர் ஞானசுந்தரி கையெழுத்துப் போட்டார். பொட்டு வைத்த படத்தைப் போட்டோ எடுத்துப் பின்னால் இணைத்தார்கள். கூட்டம், தீர்மானம், டெண்டர் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. நடுவில் இரண்டு தடவை பர்ஹத் நம்பிக்கை விட்டார். ஒரு தடவை அனுப்பிரியா விட்டார். இருவரும் ஒரே நேரத்தில் விடாததால் காரியம் நடந்தது.

வைகாசியில் திறந்தார்கள். எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடவில்லை. நட்ட நாற்பது கன்றில் இருபத்திரண்டை ஆடுகள் மேய்ந்துவிட்டன. யாரும் கேட்காத உடற்பயிற்சி மெஷின் இரண்டு வந்து இறங்கியது. அதில் ஒன்றில் இப்போது எப்போதும் யாருடைய துண்டாவது காய்கிறது. ஆனால் முதல் மாதத்திலேயே, முள்காடாகக் கிடந்த இடத்துக்குக் குறுக்கே ஊர் போக ஆரம்பித்துவிட்டது. ரேஷன் பையோடு போகிறவர்கள், பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஒரு சுற்று. அப்புறம் இரண்டு சுற்று. சாயங்கால நேரத்தில் சுப்புலட்சுமியும் வருகிறார். முதலாளியம்மா முன்னால் வந்தால் வேலைக்காரப் பெண்கள் முதலில் ஒதுங்கி நின்றார்கள். "நின்னா எப்படிக் குறையும்? நடங்கட்டி" என்று அவர் அதட்டிய பிறகு நிற்பதில்லை.

ஆறு மாசம் கழித்து பர்ஹத் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். ஒன்பது பேர் எழுபத்தாறு பேர் ஆகியிருந்தார்கள். சர்க்கரை எல்லோருக்கும் குறைந்துவிடவில்லை. முப்பத்தொரு பேருக்கு நன்றாகக் குறைந்திருந்தது, வள்ளித்தாயும் அதில் ஒருவர். கால் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார். ஆனால் சர்க்கரை நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது. பர்ஹத் அந்த எண்ணை எழுதிவிட்டு, ஒரு நிமிஷம் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டிருந்தார். மனசு நிறைந்திருந்தது. வள்ளித்தாய், "என்ன நர்சம்மா, கூடிருச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

அதன்பிறகு மாசத்தில் ஒரு நாள் பர்ஹத்துக்குச் சூலக்கரையில் வேலை. புதிதாக ஒரு லேஅவுட் அனுமதிக்கு வந்தால், கையெழுத்துக்குப் போகும் முன் அனுப்பிரியாவும் அவரும் படத்தை விரித்து உட்காருவார்கள். இப்போது பர்ஹத்துக்குத் தண்ணித் தொட்டியைத் தேட வேண்டியதில்லை. வடக்கு எது, வாய்க்கால் எது, எத்தனை அடி ரோடு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார்.

போன மாசம் அப்படி ஒரு படம். சிவகாசி ரோட்டில் நூற்றிருபது மனை. பூங்கா இருந்தது, வழியும் இருந்தது, எல்லாம் சரி. பர்ஹத் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இங்கன குடிவாறவுக பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட நான் எங்கன உக்கார?" என்று கேட்டார். லேஅவுட் போடுகிறவர் எதிரில்தான் இருந்தார். அவர் படத்தில் பின்னால் ஒரு மூலையைக் காட்டினார். அனுப்பிரியா தலையசைக்கவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் ரோட்டு மேல் நாலு சென்ட், பொதுக் கட்டடத்துக்கான சிவப்பு நிறத்துக்கு மாறியது.

சாயங்காலம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நிஜாம் பைக்கோடு நின்றிருந்தார். இருவரும் வழக்கமான கடையில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"என்ன, முகம் நல்லா இருக்கு. என்ன செஞ்சுட்டு வந்த?"

"ஒரு இடம் வாங்கிட்டு வந்தேன்."

நிஜாம் சால்னாவை ஊற்றப் போன கையை நிறுத்தினார். "எத்தனை சென்ட்?"

"நாலு."

"உள்ளயா, ரோட்டு மேலயா?"

"ரோட்டு மேலதான். யாரு பேருக்குன்னு கேக்க மாட்டீகளா?"

"நீ வாங்கினா ஊரு பேருக்குத்தான் வாங்குவ, அது தெரியாதா எனக்கு?" என்றார் நிஜாம். மண்டிக்காரருக்கு இடம் நன்றாக அமைந்ததில் திருப்தி. "ரோட்டு மேல நாலு சென்ட். பரவாயில்லையே" என்று சொல்லிக்கொண்டே சப்ளையரைக் கூப்பிட்டு, இன்னொரு செட் பரோட்டா கொண்டுவரச் சொன்னார்.